துவைக்கிற கல்லைப் பார்த்த கேமரா

நல்லம்பள்ளியைத் தாண்டி உள்ளே போகும் சாலையில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே அருள்நாதனின் வீடு தனியாக நிற்கிறது. அக்கம்பக்கம் என்று சொன்னால் ஒரு காடு தள்ளிக் கண்ணம்மாள் குடும்பம் மட்டும்தான். அருள்நாதன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார்; சாப்பிட்டுவிட்டுக் காட்டு வேலை ஏதாவது பார்ப்பார்; சாயங்காலம் மறுபடி வேன். ஐம்பத்தேழு வயது. பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வரட்டும் என்று நிற்கிற மனிதர்.

அவர் மனைவி இசபெல்லாவுக்கு வாய் ஓயாது. முன்னறையில் தையல் மிஷின் போட்டு, சுற்றுவட்டாரப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். துணி கொடுக்க வந்தவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு உடனே போய்விட முடியாது. உட்கார்ந்து நாலு கதை பேசிவிட்டுத்தான் போவார்கள். ஆட்கள் வராத நேரத்தில் ஆடுகளோடு பேசுவாள். ஒரே மகள் பிளசி, ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

கேமரா வந்ததற்குக் காரணம் ஆடுகள்தான். ஒரு நாள் முற்பகல் இசபெல்லா ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது பட்டியில் இரண்டு பெட்டை ஆடுகளைக் காணோம். கயிறு அறுந்து கிடந்தது. பின்பக்கக் காட்டு வழியில் ஒரு வெள்ளைக் கார் நின்றதைப் பார்த்ததாகக் கண்ணம்மாள் சொன்னாள். கார் நம்பரை யாரும் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தபோது அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டில் கேமரா இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார். அது இசபெல்லாவின் மனதில் தைத்துவிட்டது.

அருள்நாதன் ஒரு நாய் வளர்த்தால் போதும் என்றார். அவள் கேட்கவில்லை. விசாரிக்க ஆரம்பித்தாள். உண்டியலை யாரோ உடைத்ததற்குப் பிறகு கேமரா வைத்த, அவர்கள் பூசைக்குப் போகும் வேதக்கோயிலில் கேட்டாள். அவருடைய பள்ளிக்கூடத்தில் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. கண்ணம்மாளின் மகன் ஆன்லைனில் வாங்கிய, பல்பு மாட்டும் இடத்தில் திருகிவிடுகிற கேமராவையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அது பல்பு மாதிரியேதான் இருந்தது. அதனால் பொழுது விடிந்ததும் கண்ணம்மாள் பழக்கத்தில் சுவிட்சை அணைத்துவிடுவாள், கேமராவும் அணைந்துவிடும். அணைக்காத நாளில் நெட் இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி இசபெல்லா ஒரு வாரம் சிரித்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் கேமரா கடை. கடைக்காரர் கதிரவன் முதலில் வயர் இல்லாத வைஃபை கேமராக்களைத்தான் எடுத்து மேசைமேல் வைத்தார். சுவரில் துளை போட வேண்டாம், செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இசபெல்லா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எங்க வூட்டுப் பக்கம் டவரே நேரா கெடைக்காதுங்க. நெட்டு இல்லீன்னா இது என்னாங்க பண்ணும்?"

கதிரவன் சிரித்துவிட்டார். அப்படியென்றால் வயர் போடுகிறதுதான் உங்களுக்குச் சரி என்று வேறு சாமான்களை எடுத்தார். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு வயர் வீட்டுக்குள் ஒரு பெட்டிக்கு வரும். பெட்டிக்குள் ஒரு டிஸ்க். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குப் பதிவு பண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவான நாள்களின் பதிவு அதில் இருக்கும். பிறகு பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்துகொள்ளும். வெளியில் வைக்க நீளமான கேமரா, மழை வெயில் தாங்கும். ராத்திரியில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். சத்தம் பதிவாகாது, அது வேண்டுமென்றால் வேறு ரகம். சத்தம் வேண்டாம் என்றாள் இசபெல்லா. தான் பேசுவதை எல்லாம் பதிவு பண்ணினால் டிஸ்க் ஒரே நாளில் நிரம்பிவிடும் என்றாள். கரண்டு போனால் தாங்குவதற்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கினார்கள். அருள்நாதன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாட்டுவதற்குக் கதிரவனே ஆளோடு வந்தார். அணில் கடிக்காமல் இருக்க வயர் முழுவதையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டார்கள். வாசல் கேட்டுக்கு ஒன்று, ஆட்டுப்பட்டிக்கு ஒன்று, முன்பக்கச் சுவரில் ஒன்று. நாலாவதைப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியையும் துவைக்கிற கல்லையும் பார்த்து வைக்கச் சொன்னாள். அங்கேதான் அருள்நாதன் வாய் திறந்தார்.

"அங்க எதுக்கு? நீ துணி தொவைக்கிற எடம்."

"பின்னாடி வழியாத்தான ஆட்ட இழுத்துக்கிட்டுப் போனானுங்க. நான் தொவைக்கிறத யாரு பாக்கப் போறாங்க? நீங்களும் உங்க மவளுந்தான்."

பதிவுப் பெட்டியைப் படுக்கையறைப் பீரோவுக்கு மேலே துணி மூட்டைகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னதும் அவள்தான். திருட வருபவன் முதலில் அதைத்தானே தூக்குவான் என்றாள். பெட்டியிலிருந்து ஒரு வயர் முன்னறையில் இருந்த பழைய டிவிக்கு வந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் எதிரே டிவி. நாலு கட்டமாக வீட்டின் நாலு பக்கமும் அதில் தெரியும். கேட்டில் யார் வந்து நின்றாலும், மிதிப்பதை நிறுத்தாமலே உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வந்தவர்கள் அதிசயப்படுவார்கள்.

திருடன் ஒருவனும் அதில் அகப்படவில்லை. கீரிப்பிள்ளை தெரிந்தது. கண்ணம்மாளின் ஆடு வந்து முருங்கைக் கிளையை இழுத்துத் தின்றது தெரிந்தது. கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டிவிட்டால் ராத்திரியில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். துடைப்பத்தில் பழந்துணி கட்டி வாரத்துக்கு ஒரு முறை துடைப்பாள். நெட் கிடைக்கிற நேரத்தில் பிளசியும் ஓசூரிலிருந்து செல்போனில் பார்ப்பாள். படம் பாதியில் நின்று நின்று வரும். அருள்நாதன் மட்டும் அந்த டிவியைத் திரும்பிப் பார்த்ததில்லை. வேனை நிறுத்திவிட்டு, வாசல் கேட்டின் கேமராவுக்கு முகம் காட்டாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார்.

இப்படி இரண்டு வருஷத்துக்குமேல் போயிற்று.

போன ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டதும், தர்மபுரிக்குப் போய் நோட்டுப் புத்தகக் கட்டுகளை ஏற்றி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதனால் வழக்கமாக வருகிற நேரத்துக்கு வரவில்லை. நடுப்பகலில்தான் வீட்டுக்கு வந்தார். மிஷின் சத்தம் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார். பின்பக்கம் போனபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இசபெல்லா ஒருக்களித்துக் கிடந்தாள். கொடியில் பாதித் துணி காய்ந்திருந்தது. மீதி வாளியில் இருந்தது. அவளுடைய செல்போன் தொட்டிச் சுவர்மேல் இருந்தது.

தூக்கிப் பார்த்தார். கை சில்லென்று இருந்தது. தண்ணீரில் இருந்த கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். கண்ணம்மாளும் அவள் மகனும் ஓடிவந்தார்கள். அவர்கள் வீட்டு ஆட்டோவிலேயே தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சுவலியாக இருக்கும், உயிர் போய் வெகு நேரமாகிவிட்டது என்றார். அருள்நாதன் சரிங்க என்றார். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வேனை யார் எடுப்பார்கள் என்று யோசித்தார். பசித்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி, வராந்தாவில் நின்று முழுவதையும் தின்றார். அதைப் பார்த்துக் கண்ணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இருட்டியபிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். மண் போடும்போதும் அவர் அழவில்லை. வந்தவர்கள் தனியாகக் கூப்பிட்டு, மனசில் வைத்துக்கொள்ளாமல் அழுதுவிடச் சொன்னார்கள். வைத்துக்கொள்ள ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால், அது கால் என்று தெரியும், தொட்டால் மட்டும் தெரியாது. அப்படித்தான் இருந்தது. பிளசி ஒரு வாரம் கூட இருந்து சமைத்துப் போட்டாள். அவள் ஓசூருக்குக் கிளம்பிய அன்றே அவர் வேனை எடுத்துவிட்டார். பிள்ளைகள் எப்போதும்போல் கத்தினார்கள். ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டார். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் தினமும் சோறு மிஞ்சியது. அதைக் கண்ணம்மாள் வீட்டு நாய்க்கு வைத்தார். முன்னறை டிவி ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எப்படி அணைப்பது என்றும் தெரியாது.

பிளசி ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

"அப்பா, அன்னிக்கி அம்மா எனக்குப் போன் பண்ணியிருக்காங்க. பத்தேகாலுக்கு. போனு கம்பெனி லாக்கர்ல இருந்துச்சுப்பா. நான் பாக்கல."

அவருக்கு அது தெரியும். இசபெல்லாவின் செல்போனை அவரும் பார்த்திருந்தார். பிளசிக்கு ஒரு அழைப்பு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவருக்கு அழைக்கவில்லை.

"தெரியும்மா."

"சும்மா பேசறதுக்குப் பண்ணாங்களா, வலி வந்து பண்ணாங்களான்னு தெரியணும்ப்பா. பின்னாடி கேமராவுல இருக்கும். நான் இங்கிருந்து போட்டுப் பாத்தேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது, வரமாட்டீங்குது. நீங்க பாத்துச் சொல்றீங்களா?"

பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. அடுத்த போனில் அவள் கேட்டபோது, மவுஸை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை என்றார். அதற்கடுத்த போனில், வேலையாக இருந்துவிட்டேன் என்றார். இன்னும் சில நாள் போனால் பழையது அழிந்துவிடும் அப்பா என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அழிந்தால் அழியட்டும் என்று அவர் நினைத்தாரா என்றால், அதுவும் இல்லை. அப்படியொரு பொருள் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். பீரோவுக்கு மேலே அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் படுத்தபடியே பார்ப்பார்.

அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். இளவயசுதான். இதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு சனிக்கிழமை பைக்கில் போனவரை லாரி இடித்துவிட்டுப் போயிருக்கிறது. கேட்டில் கேமரா இருக்கிறதே, பார்க்கலாமா என்று கேட்டார். அருள்நாதன் உள்ளே வரச்சொன்னார். படத்தை ஓட்டுகிற வயர் இல்லாத மவுஸ் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. தையல் மிஷினின் இழுப்பறையில், நூல் சுற்றும் பாபின்களுக்கு நடுவே கிடந்தது. போலீஸ்காரர் மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தேதியைத் தேடி, கேட்டின் கேமராவை மட்டும் பெரிதாக்கினார். அது இசபெல்லா இறப்பதற்கு இரண்டு நாள் முந்தைய சனிக்கிழமை.

ரோடு தெரிந்தது. ஒரு டிராக்டர் போனது. பால்காரர் போனார். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு இசபெல்லா வந்தாள். மீன் வண்டிக்காரர் நின்றார். கூடையில் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதையோ சொல்லிச் சிரித்தாள். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. மீன்காரரும் சிரித்தார்.

போலீஸ்காரர் படத்தை வேகமாக ஓட்டினார். இசபெல்லா விறுவிறுவென்று உள்ளே போனாள், வந்தாள், வாசல் கூட்டினாள், ஆட்டை விரட்டினாள், கேட்டுக்கு வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனாள்.

"இது யாருங்கண்ணா?"

"என் சம்சாரம்ங்க."

"அவுங்க எதுனா பாத்திருப்பாங்களா? கொஞ்சம் கூப்புடுங்களேன்."

"இல்லீங்க. தவறிட்டாங்க."

போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எப்போது என்று கேட்டார். அருள்நாதன் சொன்னார். போலீஸ்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாரிங்கண்ணா என்றார். அப்புறம் ஓட்டுகிற வேகத்தைக் குறைத்துவிட்டார். லாரி போன இடம் வந்ததும் அதைத் தன் செல்போனில் படமெடுத்துக்கொண்டார். கிளம்பும்போது டிவியைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டார்.

சனிக்கிழமை ஓடிக்கொண்டே இருந்தது. அருள்நாதன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வேனைச் சாயங்கால நடைக்கு எடுக்கிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். இசபெல்லா ஒரு தட்டில் எதையோ எடுத்துக்கொண்டு கண்ணம்மாள் வீட்டுப் பக்கம் போனாள். வெறும் தட்டோடு திரும்பினாள். இடையில் அவருடைய வேன் வந்து நின்றது. தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஆள் இறங்கி உள்ளே போனார். அது தான்தான் என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தார். கொட்டாவிதான் வந்தது.

அன்றைக்கே பிளசிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து பார்க்கலாம் என்றார்.

அவள் வந்தாள். பூசைக்குப் போய்விட்டு வந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் காபி வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பிளசி நாலாவது கேமராவை எடுத்து அந்தத் திங்கட்கிழமையைப் போட்டாள்.

காலை வெயில். இசபெல்லா வாளியோடு வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். துணிகளைத் தொட்டியோரம் ஊறவைத்துவிட்டுக் கோழியை விரட்டினாள். அவருடைய காக்கிச் சட்டையைக் கல்லில் போட்டு சோப்பு தேய்த்தாள். இரண்டு அடி அடித்துவிட்டு நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். வலியா, சும்மா நின்றாளா என்று தெரியவில்லை. மறுபடி குனிந்தாள். சட்டையை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். செல்போனைத் தொட்டிச் சுவர்மேல் வைத்தாள். ஒன்பது மணி தாண்டியிருந்தது. அடுத்த துணியை எடுக்கக் குனிந்தாள்.

அதோடு படம் மாறிவிட்டது. அதே தொட்டி, அதே கல், வெயில் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. ஆள் யாரும் இல்லை. கண்ணம்மாளின் நாய் வந்து தண்ணீரை நக்கிக் குடித்தது.

பிளசி பின்னால் ஓட்டினாள். குனிகிறாள், இல்லை. மறுபடி ஓட்டினாள். குனிகிறாள், இல்லை. மற்ற மூன்று கேமராவையும் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே நேரத்தில் படம் நின்று, சாயங்காலம்தான் மறுபடி தொடங்கியிருந்தது.

"கரண்டு இல்லியாட்டம் இருக்குது" என்றார் அருள்நாதன்.

கண்ணம்மாளைக் கேட்டார்கள். ஆமாம், அன்றைக்கு லைனில் வேலை என்று பகல் முழுக்கக் கரண்டு இல்லை, மோட்டார் போட முடியாமல் உட்கார்ந்திருந்தோம் என்றாள். யூபிஎஸ் இருக்கிறதே என்று பிளசி கதிரவனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்துவிட்டார். நாற்காலி போட்டு ஏறி, பீரோவுக்கு மேலிருந்த துணி மூட்டைகளை நகர்த்தினார். யூபிஎஸ் ஒரு பழைய துண்டால் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பதிவுப் பெட்டியின் பிளக் நேராகச் சுவரில் செருகியிருந்தது.

பேட்டரி பழசானால் இது விடாமல் கூவிக்கொண்டே இருக்கும், பேட்டரி மாற்றினால் நின்றுவிடும் என்று கதிரவன் மெதுவாகச் சொன்னார். பிளசி அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இசபெல்லா தலை துவட்டுகிற துண்டு.

"அம்மாதான் புடுங்கி வெச்சிருக்காங்க" என்றாள். "தூக்கத்துல சத்தம் கேட்டாக்கா அவங்களுக்கு ஆவாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கதிரவன் நாற்காலியிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அருள்நாதன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையில் கை வைத்தார். அம்மா எதற்காகப் போன் செய்திருப்பார்கள் என்று அவள் கேட்டாள். சும்மா பேசத்தான் செய்திருப்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"தெரியலம்மா. எனக்கும் தெரியல" என்றார்.

பிளசி தலையாட்டினாள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சரிப்பா என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கதிரவனிடம் சொல்லி, அம்மாவின் கடைசிச் சில நாள்களின் பதிவை ஒரு பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். புது பேட்டரி வந்தது. பிளக்கை மறுபடி யூபிஎஸ்ஸில் செருகினார்கள். தன்னோடு ஓசூருக்கு வந்துவிடச் சொன்னாள். ஆடு இருக்கிறதே என்றார்.

அவள் போனபிறகு அவர் அந்த ஸ்டூலில் உட்காரப் பழகிக்கொண்டார். காலை நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவில் காட்டு வேலை இல்லாதபோது சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலு கட்டங்களையும் பார்த்தார். பின்னால் ஓட்டவும் தெரிந்துகொண்டார். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், டிஸ்கில் இருந்த மிகப் பழைய நாள் எது என்று பார்த்தார். அடக்கத்துக்கு மறுநாள். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தையது எல்லாம் போய்விட்டது. அருள்நாதன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் பெண்கள் சிலர் கேட் வரைக்கும் வருகிறார்கள். நிற்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். கேட்டின்மேல் கை வைத்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பிப் போகிறார்கள். அவர் வீட்டில் இருந்தபோது வந்தவர்களும் அப்படியே போயிருந்தார்கள். ஒருத்தி மூன்று தடவை வந்திருந்தாள். முதலில் துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்தார். துக்கம் கேட்க வருகிறவர்கள் ஏன் கூப்பிடாமல் போகிறார்கள் என்று புரியவில்லை. இரண்டு நாள் கழித்து, வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மிஷினுக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தார். மஞ்சள் பைகளும் கடைப் பைகளுமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஜாக்கெட் துணி, அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட். சில வெட்டியிருந்தன, சில வெட்டவில்லை. ஒன்றில் ஒரு கை மட்டும் இணைத்து மறு கை குண்டூசியோடு நின்றிருந்தது. எது யாருடையது என்று இசபெல்லாவுக்குத்தான் தெரியும். பைகளை எல்லாம் எடுத்து, முன்னறைக் கட்டிலில் துணி வெளியே தெரிகிறமாதிரி பரப்பி வைத்தார்.

மறுநாள் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது டிவியின் முதல் கட்டத்தில் பச்சைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி வந்து நின்றாள். மூன்று தடவை வந்தவள். ரோட்டைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். அவள் திரும்புவதற்குள் அருள்நாதன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"உள்ள வாங்கம்மா" என்றார். "உங்க துணி எதுன்னு பாத்து எடுத்துக்குங்க."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். துணி அவசரமில்லை, அக்கா போன வீட்டில் எப்படிக் கேட்பது என்றுதான் போய்விட்டேன், தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கட்டிலருகே நின்று ஒவ்வொரு பையாகப் பார்த்தாள். ஒரு கை வைத்து நின்ற அந்த ஜாக்கெட்தான் அவளுடையது. அதை எடுத்துப் பிரித்தவள், மறு கையில் நின்ற குண்டூசிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள். மீதியை வேறு யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்றார் அருள்நாதன். சரிங்கண்ணா என்றாள்.

அவள் போனபிறகு சோற்றை முடித்தார். கட்டிலில் இன்னும் நிறையப் பைகள் இருந்தன. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, வாசல் வழியாகக் கேட் தெரியும்படி உட்கார்ந்தார்.